அஞ்சும் உயிரின் அன்பைப் பெறுதல்

ஓர் உயிரை விலை கொடுத்து வீட்டிற்குக் கொண்டு வந்துவிடலாம். அதன் நம்பிக்கையை விலை கொடுத்து வாங்க இயலாது. அந்த நம்பிக்கை எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு வளர்கின்றது, எதனால் கெடுகின்றது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அதற்கு ஒரு சிறு பிராணியை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். ஆங்கிலத்தில் அதனைச் ‘சுகர் கிளைடர்’ என்பர். இனிப்பை விரும்புவது, மரத்திற்கு மரம் காற்றில் மிதந்து செல்வது என்னும் இரு இயல்புகளையும் அப்பெயர் குறிக்கும். தமிழில் அதற்கு நிலைத்த பெயர் ஒன்று இன்னும் அமையாமையால் நானும் அதனைக் கிளைடர் என்றே குறிப்பிடுவேன்.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் செல்லப் பிராணிகளாக விற்கப்படும் கிளைடர்கள் இப்போது தென்காசி போன்ற ஊர்களிலும் சில வீடுகளை வந்தடைந்துள்ளன. இவற்றின் தாயகம் ஆஸ்திரேலியாவும் நியூகினித் தீவும் ஆகும். உடல் நம் கைப்பிடிக்குள் அடங்கும். எடை ஏறக்குறைய 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். வால் உடலளவு நீளமானது. முன்காலிலிருந்து பின்கால்வரை விலாப்புறத்தில் மெல்லிய தோல் மடிப்பு ஒன்று உண்டு. அதனை விரித்துக்கொண்டு தாவினால் 50 மீட்டர் தொலைவுகூட மிதந்து செல்ல வல்லது.

பார்வைக்கு இஃது அணில்போல் தோன்றினும் அணிலுக்கு உறவன்று, கங்காருவுக்கு உறவு. பதினாறு நாள் அளவில் கருவிலிருந்து வெளிவரும் குட்டி, தாயின் வயிற்றுப் பைக்குள் புகுந்து ஏறத்தாழ 70 நாள் அங்கேயே வளர்கின்றது. குற்றாலத்தை அடுத்த மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இரவில் மரம்விட்டு மரம் மிதக்கும் பறக்கும் அணிலோ, உண்மையான அணிலினம். எங்கோ ஒரு கண்டத்தில் ஒன்றும், நம் மலையில் மற்றொன்றும், தமக்குள் எவ்வித உறவும் இன்றி, ஒரே வகையான வாழ்க்கைத் தேவையால் ஒரே வகையான தோல் மடிப்பைப் பெற்றிருப்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

சிற்றுயிர்களிடம் அன்பு பாராட்டுவது நமக்குப் புதிதன்று. அணிலை மூன்று வரி உடையது என்று குறித்து, அதன் இளமைப் பெயர் குட்டி என்று இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். நாட்டு மக்களோ அதனை அணிற்பிள்ளை என்றே அழைத்து வந்துள்ளனர். ஆயினும், பிள்ளை என்று அழைப்பதற்கும் பிள்ளையின் மனத்தை அறிந்து பழகுவதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அந்தத் தொலைவைக் கடப்பதில்தான் பலர் இடறுகின்றனர்.

கிளைடரின் மனத்தை அறிய, முதலில் அதன் அச்சத்தை அறிதல் வேண்டும். இஃது இரவில் விழித்துப் பகலில் உறங்கும் பிராணி. காட்டில் ஆந்தையும் பாம்பும் இதற்குப் பகை. மேலிருந்து நிழலொன்று இறங்கினால், அது தன் உயிரைக் கவர வரும் ஆந்தை என்றே அதன் உள்ளுணர்வு கூறும். நாம் அன்போடு மேலிருந்து கையை நீட்டுகின்றோம். அதன் கண்ணுக்கு அந்தக் கை ஆந்தையின் காலாகவே தோன்றுகின்றது. நம் உள்ளத்தில் அன்பு இருத்தல் மட்டும் போதாது. அந்த அன்பு அதற்கு விளங்கும் வடிவில் செல்லுதல் வேண்டும்.

என் வீட்டில் நிகழ்ந்ததையே கூறுகின்றேன். என் பேரனுக்கு அப்போது வயது 11. அவனுடைய தந்தை சென்னையிலிருந்து ஓர் ஆண், ஒரு பெண் ஆக இரண்டு கிளைடர்களை வாங்கி வந்தார். அன்று மாலையே சிறுவன் கூண்டிற்குள் கையை விட்டான். சில்வண்டுக் கூட்டம் ஒன்று திடீரென இரைவதுபோல் பெருங்கூச்சல் எழுந்தது. அஞ்சும்போது கிளைடர் எழுப்பும் ஓசை அது. அடுத்த கணம் அவன் விரலில் பல் பதிந்தது. மறுநாளும் முயன்றான், மறுநாளும் கடி பட்டான். மூன்றாம் நாள் கூண்டின் அருகே செல்லவே மறுத்துவிட்டான்.

“தாத்தா, இவை என்னை வெறுக்கின்றனவா?” என்று கேட்டான்.

“வெறுக்கவில்லையப்பா, உன்னை இன்னும் அறியவில்லை” என்றேன்.

எங்கள் தெருவில் உள்ள நண்பர் ஒருவர், “எதற்கு ஐயா இந்தத் தொல்லை? குற்றால மலையில் கொண்டுபோய் விட்டுவிடலாமே, பிழைத்துக்கொள்ளும்” என்று யோசனை கூறினார். நல்லெண்ணத்தோடு கூறப்பட்ட யோசனைதான். ஆயினும் தீமை தருவது. கூண்டில் பிறந்து வளர்ந்த பிராணி காட்டில் இரை தேட அறியாது. ஒருகால் பிழைத்துப் பெருகினாலோ காட்டிற்கே கேடாகும். ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இவை டாஸ்மேனியாத் தீவிற்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று அங்கே, அழிவின் விளிம்பில் நிற்கும் ஸ்விஃப்ட் என்னும் கிளியினத்தின் முட்டைகளையும் குஞ்சுகளையும், அடைகாக்கும் தாய்ப்பறவையையும்கூட மரப்பொந்திலேயே கொன்று தின்கின்றன. நம் மலையின் பொந்துகளில் வாழும் பறவைகளுக்கு அத்தகைய பகையை நாம் கொண்டுபோய் விடலாமா? ஆகவே எங்களுக்கு எஞ்சிய வழி ஒன்றே. அந்த இரண்டு உயிர்களும் எங்களோடு அச்சமின்றி வாழுமாறு செய்தல் வேண்டும். இன்றேல் அவை வாழ்நாள் முழுதும் அஞ்சி நடுங்கியே கழிக்கும்.

அவ்வாறாயின் நம்பிக்கையை எவ்வாறு பெறுவது? தின்பண்டம் கொடுத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவிக்கரைக்குச் சென்றவர்கள் அங்குள்ள குரங்குகளை அறிவர். அவை நம் கையிலிருந்து வாழைப்பழத்தை வாங்கும். கொடாவிட்டால் பையோடு பறிக்கும். அவற்றிற்கு நம்மிடம் அச்சம் இல்லை என்பது உண்மை. ஆனால் அன்பும் இல்லை. உணவு அச்சத்தைக் குறைக்கலாம். உணவு ஒன்றே உறவாகிவிடாது. உறவு, நம்மால் தனக்குத் தீங்கு வாராது என்று அவ்வுயிர் தானே பலமுறை கண்டு தெளிவதனால் வருவது. அதனைக் கண்டு தெளிய அதற்குக் காலமும் உரிமையும் கொடுத்தல் வேண்டும்.

பேரனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, நாள்தோறும் தான் செய்தது என்ன, அவை செய்தது என்ன என்று எழுதி வரச் சொன்னேன். அவன் கைக்கொண்ட முறைகளை ஒவ்வொன்றாகக் கூறுகின்றேன்.

முதலாவது, சும்மா இருத்தல். புதிய வீட்டிற்கு வந்த கிளைடரை முதற் சில நாட்கள் தொடலாகாது. உணவும் நீரும் வைத்துவிட்டு விலகிவிடுதல் வேண்டும். ஆனால் முற்றிலும் விலகுதல் கூடாது. சிறுவன் மாலை வேளைகளில் கூண்டிற்கு ஓரடி தள்ளி அமர்ந்து, பாடத்தை மெல்லிய குரலில் படித்தான். அவற்றை உற்றுப் பார்க்கவும் இல்லை. கூண்டைத் தட்டவும் இல்லை. அவன் குரல் கேட்கும்போதெல்லாம் தீங்கு ஒன்றும் நேர்வதில்லை என்பதை அவை கற்றன.

இரண்டாவது, மணத்தால் அறிமுகம் ஆதல். கிளைடரின் உலகம் மணத்தால் ஆனது. ஆண் கிளைடரின் நெற்றியிலும் மார்பிலும் மணம் கசியும் சுரப்பிகள் உண்டு. அவற்றைத் தன் கூட்டத்தார் மேல் தேய்த்து, ‘நீ நம்மவன்’ என்று அடையாளம் இடும். அம்மணம் இல்லாத அயலானைக் கூட்டமே கூடி விரட்டும். ஆகவே நாம் அதன் கூட்டத்தில் சேர விரும்பினால், நம் மணம் அதன் படுக்கையில் கலத்தல் வேண்டும். பேரன் ஒரு நாள் முழுதும் உடுத்திய பருத்திச் சட்டையின் துண்டு ஒன்றை அவற்றின் உறக்கப் பையில் வைத்தோம். அந்நாட்களில் அவன் வாசனைத் தைலம், பவுடர் எவையும் பூசவில்லை. பதினோராம் நாள், இரண்டும் அத்துணியைச் சுற்றிக்கொண்டு உறங்கக் கண்டான்.

மூன்றாவது, விரல் நுனியில் சிறிது இனிப்பு. ஒரு துளி தேனோ, சிறிது தயிரோ போதும். கையை மேலிருந்து நீட்டாமல், கீழிருந்து, உள்ளங்கை மேல் நோக்கி இருக்கக் கொண்டு செல்லுதல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பசித்திருந்தால் தானே வரும் என்று எண்ணிச் சிலர் உணவை நிறுத்தி வைக்கின்றனர், அது கொடுமை. அன்றாட உணவு அதன் உரிமை; கைக்கு வந்தாலும் வாராவிட்டாலும் குறித்த நேரத்தில் கூண்டில் இருத்தல் வேண்டும். தேன்துளி நட்பின் அறிகுறியேயன்றிக் கூலியன்று. பத்தொன்பதாம் நாள் பெண் கிளைடர் அவன் விரலை நக்கிற்று. ஆண் கிளைடர் மூலையிலேயே நின்றது.

நான்காவது, உடல் வெப்பத்தில் உறங்கவிடுதல். விடுமுறை நாட்களில், அவை உறங்கும் பருத்திப் பையைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சிறுவன் அமைதியாக அமர்ந்து படிப்பான். நெஞ்சின் துடிப்பும் உடலின் வெம்மையும் பழகப் பழக, அவை அவன் அருகில் அஞ்சாமல் உறங்கக் கற்றன. பையில் பிரிந்த நூல் இருத்தல் ஆகாது. நகம் சிக்கிக் காலுக்கு ஊறு நேரும்.

ஐந்தாவது, மரமாதல். இரவு உணவிற்குப் பின் கொசுவலையைக் கட்டி, அதன் நான்கு ஓரங்களையும் பாயின் அடியில் செருகி, அவற்றோடு உள்ளே அமர்ந்தான். மின்விசிறி நிறுத்தப்பட்டது, அறையில் தண்ணீர் வாளி எதுவும் திறந்திருக்கவில்லை. அவற்றைப் பிடிக்க முயலாமல் அவன் அசையாது அமர்ந்திருப்பான். அவை அவன் முதுகில் ஏறும், தலையில் நிற்கும், தோளினின்று இறங்கும். முதலில் அவன் அவற்றிற்கு மரமானான். மரம் தீங்கு செய்வதில்லை என்று தெளிந்த பின்னரே அந்த மரம் நண்பனாயிற்று. ஒன்பதாம் வாரத்தில் ஓரிரவு, கொசுவலைக் கம்பின் உச்சியிலிருந்து பெண் கிளைடர் தோல் மடிப்பை விரித்து, தானாகவே அவன் தோளை நோக்கித் தாவிற்று. அன்றைய பக்கத்தில் அவன் எழுதியிருந்தது ஒரே சொல்: ‘வந்தது.’

இடையிலே ஒரு தடையும் நேர்ந்தது. ஆறாம் வாரத்தில் தெருவில் திருமண ஊர்வலம் ஒன்று சென்றது. வெடி ஓசை கேட்ட இரண்டும் பைக்குள் புகுந்து நான்கு நாள் மனிதர் முகம் பார்க்க மறுத்தன. சிறுவன் சோர்ந்தான். ஆயினும் வற்புறுத்தாமல் மீண்டும் துணியும் குரலுமாக இரண்டாம் படியிலிருந்தே தொடங்கினான். இம்முறை அவை விரைவிலேயே தெளிந்தன. ஒருமுறை வேரூன்றிய நம்பிக்கை வாடினும் பட்டுப்போவதில்லை. ஆண் கிளைடர் தாவி வர மேலும் ஒரு மாதம் ஆயிற்று. இன்றும் அஃது அவனிடம் மட்டுமே வரும். என் கைக்கு வருவதில்லை. அதற்காக நான் வருந்துவதும் இல்லை. நம்பிக்கை அவரவர் உழைத்துப் பெற வேண்டிய பொருள்.

செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவிற்கு முன் ஒரே அடையாளத்தை நாய்க்குப் பலமுறை காட்டி வந்தால், பின்னர் அந்த அடையாளத்திற்கே அதன் வாயில் நீர் ஊறும் என்று காட்டினார். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் படித்த பாடம் இது. அச்சத்திற்கும் இவ்விதி பொருந்தும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். கை வரும்போதெல்லாம் பிடிபட்டால், கையே அச்சத்தின் அடையாளமாகிவிடும். கை வரும்போதெல்லாம் நன்மையே நேர்ந்தால், கையே நம்பிக்கையின் அடையாளமாகும். ஆகையால் கடித்தாலும் அடித்தலோ உரக்கக் கத்துதலோ கூடாது. வெடுக்கெனக் கையை இழுப்பதும் நன்றன்று. ஒரு நாள் முரட்டுத்தனம் பல நாள் பொறுமையை அழித்துவிடும்.

1939-இல் இந்தியாவிற்கு வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தையை உற்று நோக்குதலே ஆசிரியரின் தலையாய பணி என்று வற்புறுத்தினார். புதிதாகப் பள்ளியில் சேரும் பிள்ளையும் இந்தக் கிளைடரைப் போன்றவனே. அவன் வாய் திறவாமல் இருப்பது பிடிவாதம் அன்று, அச்சம். அச்சம் நீங்கும்வரை காத்திருக்கும் ஆசிரியரிடம் அவன் தானே வந்து பேசுவான். பேரருவியின் வெள்ளம் பாறையில் மோதி ஓடிவிடுகின்றது. மெல்லிய சாரலே மண்ணுக்குள் இறங்கி வேரை நனைக்கின்றது.

இனி, வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். முதற்கண், கிளைடர் கூட்டமாக வாழும் பிராணி. தனியே அடைத்து வைத்தால் ஏக்கமுற்றுத் தன் மயிரையே பிடுங்கும்; தன் உடலையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். இரவெல்லாம் நாம் அதனோடு விழித்திருக்க இயலாது. ஆதலின் இரண்டாகவே வளர்த்தல் வேண்டும். துணை இருந்தால் நம்மிடம் ஒட்டாது என்பது தவறான எண்ணம். அச்சமின்றி வாழும் உயிரே பிறரிடமும் எளிதில் நெருங்கும். ஆணும் பெண்ணும் ஆயின், குட்டிகள் பெருகாதிருக்க ஆணுக்குக் கருத்தடை செய்வது பற்றி மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நன்று.

உணவிலும் அறிவு வேண்டும். காட்டில் இவை அகேசியா மரத்தின் பிசின், யூகலிப்டஸ் மரச் சாறு, பூந்தேன், மகரந்தம், பூச்சிகள் ஆகியவற்றை உண்கின்றன. பழம் மட்டும் கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு நலியும்; பின்கால்கள் செயலிழந்துபோதலும் உண்டு. குற்றாலச் சந்தையில் ரம்புட்டான் மலிவாகக் கிடைக்கின்றது என்று அதனையே நாள்தோறும் ஊட்டலாகாது. சாக்லேட் அறவே கூடாது. இவற்றின் நோயறிந்த மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. நம் பகுதியினர்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. நோய் வந்தபின் தேடாமல், வாங்குமுன்பே மருத்துவ உதவிக்கு வழி கேட்டறிதல் அறிவுடைமை.

“நம் மலையிலேயே பறக்கும் அணில் இருக்கின்றதே, அதன் குட்டியைப் பிடித்து வளர்த்தால் என்ன?” என்று கேட்போரும் உளர். கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது பாதுகாக்கப்பட்ட உயிர். பிடித்தலும் வைத்திருத்தலும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, தாயினிடமிருந்து பறித்த குட்டியிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி உண்டு? அயல்நாட்டு உயிரினங்கள் சிலவற்றைப் பதிவு செய்வதற்கும் 2024-இல் விதிகள் வந்துள்ளன. வாங்க எண்ணும் பிராணி அவ்விதிகளுள் அடங்குமா என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றை எண்ணிப் பாருங்கள். நன்கு பேணினால் கிளைடர் 10 முதல் 12 ஆண்டுகள்வரை வாழும். இன்று பத்து வயதுச் சிறுவன் ஆசைப்பட்டு வளர்க்கும் பிராணி, அவன் கல்லூரிக்குச் செல்லும் நாளிலும் உயிரோடிருக்கும். அப்போது அதனைப் பேணுபவர் யார் என்பதை இன்றே வீட்டிலுள்ளோர் கூடி முடிவு செய்தல் வேண்டும். விடை கிடைக்கவில்லையாயின் வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் பேருதவி. முற்றத்திற்கு வரும் அணிற்பிள்ளைக்குச் சிறிது தண்ணீர் வைத்து, தொலைவிலிருந்து பார்த்து மகிழுங்கள்; அதுவும் உறவுதான்.

பதறிய காரியம் சிதறும் என்பது நம் முன்னோர் மொழி. நம்மினும் எளிய உயிர் ஒன்று தன் அச்சத்தை விட்டு, தானாகவே நம்மிடம் வருமாயின், அதைவிட உயர்ந்த நற்சான்று மனிதனுக்குக் கிடைப்பது அரிது. அதனைப் பெற வல்லமை வேண்டுவதில்லை, செல்வம் வேண்டுவதில்லை. கையை நீட்டுவதற்கு முன் காத்திருக்கும் பொறுமை ஒன்றே வேண்டும்.